பினீசியச் சுடுமண் கலங்கள்: மதிப்பீட்டு அளவுகோல் குறித்து ஒரு நோக்கு

பண்டைக் கலைகளை ஆராய்வோர் பினீசியரின் தந்தச் செதுக்கல்களையும் உலோகக் கிண்ணங்களையும் போற்றுவர். அவர்தம் மட்கலங்களையோ காலக்கணிப்புக்குரிய கருவியாகவே பெரிதும் கொள்வர். இலியட் காப்பியம் புகழ்வதும் சீதோனியர் செய்த வெள்ளிக் கலத்தையே. இம்மதிப்பீடு மறு ஆய்வுக்குரியது எனக் கருதுகிறோம்.

கிரேக்கக் கலங்களை முன்னிறுத்தி வகுத்த அளவுகோலே இதற்குக் காரணம் எனலாம். ஏதென்சின் கலங்களை ஜான் பீஸ்லி கைவண்ணம் கண்டு ஓவியர்வாரியாகப் பகுத்தார். பினீசியக் கலங்களிலோ கதை சொல்லும் ஓவியம் அரிது. செங்குழம்புப் பூச்சு, தேய்த்து ஏற்றிய மெருகு, மூவிதழ் வாய், காளான் போன்று விரிந்த விளிம்பு ஆகியனவே அவற்றின் அழகுகள். தனியொரு கலைஞனைத் தேடும் கண்ணுக்கு இவை வறுமையாகத் தோன்றுதல் இயல்பே.

ஆயின், இக்கலைஞர் நாடியது வேறொன்று. 1999இல் அஸ்கலோன் கடற்பகுதியில், ஏறத்தாழ 400 மீட்டர் ஆழத்தில் ஆராயப்பட்ட கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் கப்பல்கள் இரண்டில் 700க்கு மேற்பட்ட சாடிகள் காணப்பட்டன. மீட்கப்பட்டவை வடிவாலும் அளவாலும் பெரிதும் ஒத்திருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 லிட்டர் கொண்டது. உட்புறம் பிசின் பூசிய அவற்றில் மது இருந்தமைக்கு வேதியியல் சான்றும் உண்டு. அளவு பிறழாமை இங்கு வாணிக நம்பிக்கையின் அடிப்படை. பல கைகள் ஒருபடித்தாக வனைதலும் பயிற்சியால் வாய்க்கும் கலைத்திறனே அன்றோ?

இவ்வொருமையை வாணிகத் தேவையாக மட்டும் சுருக்குதலும் பொருந்தாது. தீர் நகரின் அல்பாஸ் இடுகாட்டில், எரியூட்டிய எலும்புகள் இட்ட தாழிகளுடன் மூவிதழ் வாய்க் குடமும் காளான் விளிம்புக் குடமும் இணையாக வைக்கப்பட்டிருந்தன. இறந்தோர்க்கும் அதே வடிவங்களைப் படைத்த சமூகத்திற்கு மரபு மாறாமையே ஒரு விழுமியமாக இருந்தது எனக் கொள்ளலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. தென் ஸ்பெயினில் இத்தகு கலம் கிடைத்த இடமெல்லாம் பினீசியர் குடியிருப்பு எனக் கூற இயலாது. வாங்கிப் பயன்படுத்தியோரும் பார்த்து வனைந்தோரும் அங்கு இருந்தனர். கலம் வேறு, அதனைக் கையாண்ட மக்கள் வேறு.

பினீசியர் தாளில் எழுதியவை அழிந்துபட்டன; அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியவையே மிகுதியாக எஞ்சின. எனவே, அவர்தம் கையால் உருவான மண்ணைப் பிறர் அளவுகோலால் அளப்பது அவர்களை இரண்டாம் முறையும் பேசவிடாது தடுப்பதாகும்.