பழசாவதும் பழசாக்கப்படுவதும்

'அப்கிரேடு' என்ற சொல் ராஜபாளையத்துக்குச் செல்போனோடு வந்ததல்ல, மில்லோடு வந்தது. 1999 ஏப்ரல் 1 அன்று மத்திய ஜவுளி அமைச்சகம் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. பழைய எந்திரத்தைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கும் நூற்பாலைக்குக் கடன் வட்டியில் ஐந்து சதவீதத்தை அரசு ஏற்றுக்கொண்டது. விதிகள் பலமுறை மாறி 2022 மார்ச் வரை அத்திட்டம் நடந்தது. வாங்கிய எந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். அதே மில்லில் மூணாவது ஷிப்டு பார்க்கிறவர் தன்னுடைய போனை மாற்றப் போனால்? 2020 ஏப்ரல் 1 முதல் செல்போன் மீதான ஜிஎஸ்டி 12இலிருந்து 18 சதவீதமானது. (ரெண்டுமே ஏப்ரல் ஒண்ணு. தற்செயல்தான்.) அவருக்குத் தேய்மானம் உண்டு, தேய்மானக் கணக்கு மட்டும் கிடையாது.

இந்த இரண்டு அப்கிரேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் 'போனை மாத்தலாமா, வேண்டாமா' என்ற கேள்விக்குள் நுழைய முடியாது.

அந்தக் கேள்வியைச் சுற்றி நம்மிடம் இரண்டு சொல்லாடல்கள் புழங்குகின்றன. ஒன்று ஷோரூம் பேசுவது: எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜிபி, பழசுக்கு எவ்வளவு கழிவு. மற்றது நம் இடதுசாரி நண்பர்களும் சிற்றிதழ்க்காரர்களும் பேசுவது: நுகர்வு வெறி, போலித் தேவை, கூடவே கொஞ்சம் பூத்ரியா. அவருடைய 'நுகர்வுச் சமூகம்' (1970) பொருள்களைக் குறிகளாக வாசிக்கக் கற்றுத்தந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் தேரடியில் பால்கோவாக் கடைக்குப் பொட்டலம் கட்டும் ஒரு பெண் போனை மாற்றுவதை, அந்தஸ்துக் குறியை வாங்குவதாக மட்டும் வாசித்துவிட்டு நகர்வது சோம்பேறித்தனம். இந்த இரண்டு தரப்பும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டுக்கும் முன்னால் நிற்பது ஆசைப்படுகிற ஒரு தனிமனிதன். ஒரு தரப்பு அவன் ஆசையைக் கிளறுகிறது, மறு தரப்பு கண்டிக்கிறது. போன் ஒரு வேலைக்கருவி என்பது இரு தரப்பின் கண்ணிலும் படுவதேயில்லை.

2021 மார்ச்சில் போஷண் டிராக்கர் வந்தபின் அங்கன்வாடி ஊழியரின் பதிவேடு போனுக்குள் போனது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் நாளுக்கு இரண்டு முறை படமெடுத்துச் செயலியில் ஏற்றும் வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. படம் ஏறவில்லையென்றால் கூலி இழுபறி. ஷிப்டு மாறுவதைச் சூப்பர்வைசர் வாட்ஸப் குரூப்பில்தான் போடுகிறார். அந்த வாட்ஸப்போ 2025 ஜனவரி 1 அன்று ஆண்ட்ராய்டு 4.4ஐயும் அதற்கு முந்தியவற்றையும் கைகழுவியது. ஆக, கருவி இல்லாமல் வேலை இல்லை. ஆனால் கருவியை வாங்கிவர வேண்டியவர் பெரும்பாலும் வேலை செய்பவர்தான். எந்த மில்லும் வேலைக்கு வருகிறவரை ஸ்பின்டிலைக் கையோடு கொண்டுவரச் சொன்னதில்லை.

மாற்றுவது விருப்பமா கட்டளையா என்று பிரித்துப் பார்க்க, கடைகளில் அடிக்கடி நடக்கும் இந்த மாதிரிப் பேச்சைக் கவனித்தால் போதும்:

"போனு நல்லாத்தான்க்கா இருக்கு. இதுல அந்த ஆப்பு ஏறாது."

"அப்ப எது கெட்டுப்போச்சு தம்பி?"

"எதுவும் கெடலக்கா. கம்பெனிக்காரன் நிப்பாட்டிட்டான்."

'எதுவும் கெடல, ஆனா நின்னுபோச்சு' என்ற இந்த நிலைக்கு மார்க்ஸிடம் ஒரு பெயர் பாதியளவுக்கு உண்டு. 'மூலதனம்' முதல் பாகத்தில் (1867), எந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தில், அவர் தேய்மானத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று சரீரத் தேய்மானம்: ஓடித் தேய்வது, ஓடாமல் துருப்பிடிப்பது. இன்னொன்று 'மாரல்' தேய்மானம்: எந்திரம் அப்படியே இருக்கும், ஆனால் அதைவிட மலிவானதோ மேலானதோ சந்தைக்கு வந்துவிடுவதால் மதிப்பிழக்கும். அதற்குள் போட்ட பணத்தை எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் முதலாளி வேலைநேரத்தை நீட்டுகிறான் என்பது அவருடைய வாதம். மூன்று ஷிப்டு ஓடும் ஊரில் இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. ஆனால் போன் விஷயம் மார்க்ஸைத் தாண்டிப் போகிறது. இங்கே புதியது வந்ததால் மட்டும் பழையது மதிப்பிழப்பதில்லை. விற்றவனே தூரத்திலிருந்து பழையதன் உயிர்நாடியில் கைவைக்க முடிகிறது. தேய்ந்த பேட்டரியுள்ள பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் காப்பதற்காக என்பது விளக்கம். 2020இல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது, குறைத்ததற்காக அல்ல, சொல்லாமல் குறைத்ததற்காக.

பால்கோவாவுக்கும் ஆயுள் சில நாட்கள்தான். ஆனால் அது பாலின் குணம், யாரும் தூரத்திலிருந்து கெட்டுப்போகச் செய்வதில்லை.

போனில் சரீரத் தேய்மானம் முக்கியமாகப் பேட்டரிக்குத்தான். லித்தியம் பேட்டரி ஏற்றி இறக்க இறக்கக் கொள்ளளவு குறையும். 2003இல் வந்த நோக்கியா 1100இல் பின்மூடியை நகத்தால் நெம்பி, பிஎல்-5சி பேட்டரியைக் கழற்றி வேறொன்றைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம். இன்றைய போன்களில் பேட்டரியைப் பசைவைத்து ஒட்டிவிட்டார்கள், சூடுகாட்டித் திறக்க ஆள் வேண்டும். (நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையே 2006இல் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று நிறுத்தப்பட்டது. போனைச் செய்தவர்களும் பழசாக்கப்பட்டார்கள்.) ஆகவே 'போன் ஸ்லோவா இருக்கு' என்று வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியையும், நிரம்பி வழியும் சேமிப்பிடத்தையும். காலை வணக்கப் படங்களை அழித்தாலே பல போன்கள் பிழைத்துக்கொள்ளும். இரண்டும் சரியாக இருந்தும் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டதென்றால் அது வேறு சங்கதி. அந்தப் போனில் பேச்சும் பாட்டும் வைத்துக்கொள்ளலாம், வங்கிக் கணக்கை வைத்துக்கொள்வது ஆபத்து.

அப்டேட் எத்தனை வருஷம் என்பதில்தான் வர்க்கம் பச்சையாகத் தெரிகிறது. 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8க்கும் 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்24க்கும் ஏழு வருஷம் என்று அறிவித்தார்கள். மலிவு போன்களில் பலவற்றுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. உதாரணத்துக்கு, 9,000 ரூபாய் போன் மூன்று வருஷம், 18,000 ரூபாய் போன் ஆறு வருஷம் என்று வைத்துக்கொண்டால் வருஷச் செலவு இரண்டுக்கும் 3,000தான். ஆனால் 18,000த்தை மொத்தமாக எடுத்துவைக்கக்கூடியவருக்குத்தான் ஆறு வருஷ நிம்மதி. மற்றவருக்கு மூன்றே வருஷத்தில் மறுபடி ஷோரூம், அல்லது தவணை. தவணை தவறினால் போனே பூட்டிக்கொள்ளும் செயலியைக் கடன் கொடுத்தவர்கள் ஏற்றிவைத்த கதையும் இந்நாட்டில் நடந்ததுதான்: கூலி வாங்கித்தரும் கருவியைப் பூட்டிவிட்டுக் கடனைக் கட்டச் சொல்வது.

இது தவிர்க்க முடியாததல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலான விதிப்படி, ஒரு மாடலின் விற்பனை நின்றபின் குறைந்தது ஐந்து வருஷம் மென்பொருள் அப்டேட், ஏழு வருஷம் உதிரிபாகம். போன் மலிவா விலையுயர்ந்ததா என்ற பேதம் இல்லை. நம்மிடம் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தார்கள். 2025 மேயில் பழுதுபார்ப்புக் குறியீடு பற்றி ஒரு குழு அறிக்கை கொடுத்தது. தளமும் அறிக்கையும் ஒட்டிய பேட்டரியைக் கழற்றிவிடப் போவதில்லை.

இனி, மாற்றியே தீர வேண்டுமென்றால் எப்படி? எக்ஸ்சேஞ்சு என்பது பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்தான். எடையை அவன் போடுகிறான், பழத்தையும் அவனே எண்ணுகிறான். செகண்ட் ஹேண்டு மோசமில்லை, ஐஎம்இஐ எண்ணைச் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துவிட்டு, அப்டேட் இன்னும் எத்தனை வருஷம் என்று பார்த்து வாங்கினால். ஆனால் 'ஒருத்தர் வச்சிருந்ததா?' என்ற முகச்சுளிப்பு நம்மிடம் உண்டு. வேடிக்கை, இது ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உண்டு. ஒரு பெண் தான் சூடிக் கழற்றிய மாலைதான் பெருமாளுக்கு உகந்தது என்ற கதையின்மேல் நிற்கிற ஊர். அவள் சூடிய மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் சித்திரைத் திருவிழாவில் அழகருக்கும் இன்றும் போகிறது. இதை வைத்துப் பழைய போனுக்குத் தெய்வீகம் பூச நான் வரவில்லை. நம் வீடுகளில் இந்தக் கதை தலைகீழாக நடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். புதுப் போன் முதலில் மகனுக்கு, அவன் கழித்தது அப்பாவுக்கு, அவரும் கழித்தது அம்மாவுக்கு. சூடிக் கொடுப்பவர்கள் ஆண்கள், களைந்ததை வாங்கிக்கொள்பவள் பெண். இப்படி அப்டேட் நின்று, திரை கீறி, சார்ஜ் அரைநாளும் தாங்காத போனோடுதான் அவள் செயலியில் படம் ஏற்றப் போகிறாள். ஆகவே 'வீட்டில் யாருக்குப் புதுசு' என்பதுதான் முதல் கேள்வி. எந்தப் போனை நம்பிக் கூலி இருக்கிறதோ அதற்குத்தான் நல்ல பேட்டரியும் நடப்பு அப்டேட்டும் போக வேண்டும். படிக்கிற பையனின் கேமரா காத்திருக்கட்டும்.

2021இல் மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடி ஊழியர்கள், அரசு கொடுத்த மட்டமான போன்களில் செயலி ஓடவில்லை என்று கூட்டமாகப் போய் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது இன்னும் பெரிய திரை அல்ல. வேலையைக் கொடுத்தவர்களே அதற்கேற்ற கருவியையும் கொடுக்க வேண்டும் என்பதை. ராஜபாளையம் மில்களில் போனஸ், கூலி உயர்வு பற்றிப் பேச உட்காரும் சங்கங்கள், ஷிப்டுத் தகவல் போனில்தான் வருமென்றால் பேட்டரிக்கும் டேட்டாவுக்கும் மாதம் இவ்வளவு என்று ஒரு வரியை அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.