படச்சுருளைக் காக்கும் கை

1,000 அடி நீளமுள்ள 35 எம்.எம். சுருள் ஒன்றில் 16,000 படங்கள். திரையில் ஓடினால் வெறும் 11 நிமிடம். ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எந்தக் கருவியும் இல்லாமலே உருவம் தெரியும். அந்த எளிமைதான் பிலிமின் பேரழகு.

1914-இல் சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். அருகிலுள்ள பொள்ளாச்சி வட்டாரம் எத்தனையோ படங்களுக்குக் களமானது. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு வீட்டில் பழைய ரீல் இருந்தால் அது சொத்து.

அசிட்டேட் பிலிமுக்குச் சூடும் ஈரமும் எதிரி. டப்பாவைத் திறந்ததும் காடி நெடி அடித்தால் சிதைவு தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். உடனே பிரித்து வையுங்கள். வெயில் இறங்கும் பரண் ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வரும் ஆனி, ஆடியில் ஓதமேறும் சுவரோரமும் ஆகாது. குளிர்ந்த, உலர்ந்த உள்ளறையில் டப்பாவைப் படுக்க வையுங்கள். துருப்பிடித்த தகரத்தை மாற்றுங்கள். பருத்திக் கையுறை போட்டு, விளிம்பை மட்டும் தொடுங்கள். 1950-களுக்கு முந்தைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். அதை வீட்டில் வைக்காமல், புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேட்டு வழி அறிவதே முறை.

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான, நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று நம்மிடம் இல்லை. ஒரே ஒரு சுருளைக் காப்பவரும் வரலாற்றைக் காக்கிறார்.