வட்டத்துக்குள் ஒரு சாவித்துளை

மளிகைக் கடையில் ‘மயில் மார்க்’ ரவை கேட்கிறோம். அணில் சேமியா கேட்கிறோம். மயிலுக்கும் ரவைக்கும் என்ன உறவு? அணில் எந்தக் காலத்தில் சேமியா தின்றது? கடைக்காரரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. லோகோ என்ற சொல் நம் வாயில் புழங்கும் முன்பே மார்க் என்ற சொல் புழங்கியது; எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிப் பொருளை வாங்கிப் போனார். லோகோவை ரசிக்க விரும்புகிறவர் இங்கிருந்தே தொடங்கலாம். ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பது என் கட்சி. லோகோ பிறக்கும்போது வெறும் பாத்திரம். அதில் அர்த்தத்தை ஊற்றுவது வியாபாரம். பாத்திரம் எப்படி வார்க்கப்பட்டிருக்கிறது, அதில் இதுவரை என்ன நிரம்பியிருக்கிறது என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ரசனை பாதி கைகூடியது போலத்தான்.

வார்ப்பைப் பார்க்க பாரத ஸ்டேட் வங்கியின் பாஸ்புக் அட்டை போதும். நீல வட்டம்; நடுவே சிறிய வெள்ளை வட்டம்; அதிலிருந்து நேர்கீழே விளிம்புவரை இறங்கும் ஒரு வெள்ளைக் கீற்று. அவ்வளவுதான். 1971-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வடிவமைத்தது இது. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை வரைந்து பாருங்கள். ஓவியம் வராதவருக்கும் வந்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து நீலத்தைக் கருப்பாக்குங்கள், குலையாது. தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள், ஏ.டி.எம். பலகை அளவுக்குப் பெருக்குங்கள், அதே வட்டம். இதற்கு முன் வங்கியின் சின்னமாக இருந்தது ஆலமரம். கிளையும் விழுதுமாக விரியும் மரம் பெரிய பலகையில் கம்பீரம்தான். காசோலையின் மூலையில் அது ஒரு மைப்பொட்டாகிவிடும். வரைந்ததைப் பார்ப்பது போலவே வரையாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். ஸ்டேட் வங்கி வட்டத்துக்கு உயிர் கொடுப்பது அந்த வெள்ளைக் கீற்று. லிண்டன் லீடர் 1994-ல் உருவாக்கிய ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவன லோகோவில் ‘இ’, ‘எக்ஸ்’ ஆகிய இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றிடமே ஓர் அம்புக்குறி.

ஆனால் வார்ப்பு மட்டும் ஒரு பெயரை நிலைநிறுத்திவிடாது. 1971-ல் நைக் காலணி நிறுவனத்துக்காக கரோலின் டேவிட்சன் என்ற மாணவி வரைந்த வளைகோட்டுக்குக் கிடைத்த கூலி 35 டாலர். நிறுவனர் ஃபில் நைட்டுக்கே முதல் பார்வையில் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் கணினி நிறுவனத்துக்கு லோகோ வேண்டி, வடிவமைப்புத் துறையின் மேதை பால் ராண்டுக்கு 1,00,000 டாலர் கொடுத்தார். 28 டிகிரி சாய்ந்து நிற்கும் கருப்புக் கனசதுரம் வந்தது. இன்று பார்த்தாலும் கண்ணை நிறுத்தும் வேலைப்பாடு. இருந்தும் கணினிகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை; நிறுவனம் ஆப்பிளுக்குள் கரைந்தபோது கனசதுரமும் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. வளைகோடோ பெயரே இல்லாமல் தனியாக நிற்கிறது. கோட்டின் அழகு இரண்டிலும் உண்டு. ஒன்றில் ஓட்டக்காரர்களின் கால்கள் பல ஆண்டுகள் அர்த்தத்தை ஊற்றின. மற்றதில் ஊற்ற ஆளில்லை.

‘எல்லாம் சரக்கின் தரம்தான் என்றால், படத்தை மட்டும் மாற்றியபோது விற்பனை ஏன் விழுகிறது?’ என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. 2009-ல் அமெரிக்காவில் டிராபிகானா ஆரஞ்சுச் சாற்றின் அட்டைப்பெட்டி முழுவதும் மாறியது. உறிஞ்சுகுழல் குத்திய ஆரஞ்சு போய் ஒரு கண்ணாடித் தம்ளர் வந்தது. பெயரின் எழுத்துருவும் மாறியது. உள்ளே இருந்தது அதே சாறு. இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது; பழைய பெட்டியையே திரும்பக் கொண்டுவந்தார்கள். இது என் வாதத்தை உடைப்பதுபோலத் தோன்றினாலும் உண்மையில் அதற்குத்தான் முட்டுக் கொடுக்கிறது. புதிய பெட்டி அசிங்கமாக இருந்ததாலா இந்தச் சரிவு? வாடிக்கையாளரின் ஞாபகம் முழுவதும் பழைய ஆரஞ்சில் சேர்ந்திருந்தது. புதிய தம்ளரில் ஒரு சொட்டும் இல்லை. வீட்டை இடிக்காமல் கதவு எண்ணை மட்டும் மாற்றினாலும் கடிதம் வந்து சேராது. லோகோ அந்தக் கதவு எண். எண்ணால் வீடு உயர்ந்ததாகிவிடாது. எண் இல்லாவிட்டால் வீடு இருந்தும் பயனில்லை.

அப்படியானால் லோகோவில் ஒளிந்திருக்கும் அர்த்தங்களைத் தேடிக் களிப்பது வீணா? வீணில்லை, வரிசைதான் முக்கியம். ஃபெடெக்ஸ் அம்பைச் சொல்லிக் காட்டும்வரை பலரும் பார்ப்பதில்லை. பார்க்காதவரின் பார்சலும் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. ஸ்டேட் வங்கி வட்டத்துக்கும் கதைகள் பல. சாவித்துளை என்பார்கள், நடுவே நிற்கும் மனிதர் என்பார்கள், அகமதாபாத்தின் கங்காரியா ஏரியை மேலிருந்து பார்த்த தோற்றம் என்பார்கள். எது சரி என்று தெரிந்துகொண்டு யாரும் அங்கே கணக்குத் தொடங்கவில்லை. முதலில் பணத்தைப் போட்டார்கள், கேட்டபோது திரும்பக் கிடைத்தது. அதன் பிறகுதான் அந்த வட்டத்தில் சாவித்துளை தெரிந்தது.