அவை நீங்கிய அரசனும் அவை சூழ்ந்த அரசனும்

சிலப்பதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது, கோவலன் கொலையுண்டதற்குக் காரணம் யாது என்று மாணவரை வினவுவது நம்மிடையே பழைய வழக்கம். விடைகளும் பழையனவே. ஒரு சாரார் ஊழ்வினை என்பர். மற்றொரு சாரார் பொற்கொல்லனின் வஞ்சம் என்பர். இரண்டும் பிழையல்ல, இரண்டிற்கும் நூலிலேயே சான்று உண்டு. ஆயினும் இவ்விரண்டோடு நின்றுவிட்டால், பாண்டியன் செய்த பிழை இன்னதென்பது விளங்காமற் போகிறது. எல்லாம் ஊழின் செயல் எனின் அரசன்மேற் குற்றமில்லை. எல்லாம் கொல்லனின் செயல் எனின் அரசன் ஏமாற்றப்பட்டவனேயன்றிக் குற்றவாளி அல்லன். அங்ஙனமாயின், ஆட்சிமுறையில் தவறியவரை அறமே ஒறுக்கும் என்பதை நாட்டுதல் இந்நூலின் நோக்கங்களுள் ஒன்று எனப் பதிகம் கூறுவது எவ்வாறு பொருந்தும்?

நெடுஞ்செழியன் செய்த ஆட்சிப் பிழை ஒன்று உண்டு. அதனை அடிகள் வெளிப்படையாகவே காட்டியுள்ளார்; நாம்தான் விரைந்து கடந்துவிடுகிறோம். அமைச்சர் சூழ்ந்த அவையை விட்டு நீங்கிய பின்னர், அவைக்கு வெளியே, அந்தப்புரத்து வாயிலில் நின்று அவன் ஆணையிட்டான் என்பதே அப்பிழை. இதனைச் சற்று விரித்து நோக்குவோம்.

நாளவை என்பது

பண்டைத் தமிழ் வேந்தர் நாள்தோறும் தம் சுற்றத்தாரோடும் அமைச்சரோடும் வீற்றிருந்த காலையவையை நாளவை என்றும் நாளோலக்கம் என்றும் நூல்கள் வழங்கும். புலவர்க்கும் பாணர்க்கும் பரிசில் வழங்கியது அங்கே. முறை வேண்டி வந்தவர்க்குச் செவி கொடுத்ததும் அங்கே. அரசனைச் சூழ்ந்த குழுக்களைச் சிலப்பதிகாரம் ஐம்பெருங்குழு, எண்பேராயம் எனக் குறிக்கும். அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் ஆகியோரே ஐம்பெருங்குழுவினர் என்று உரை வகுப்பர். ஆட்சித் தலைவர் ஒருவர் இக்காலத்தில் தம் மூத்த உதவியாளரோடு காலையில் அமர்ந்து அன்றைய செயல்களைத் திட்டமிடுகிறார் எனின், அக்கூட்டத்தில் இருப்பவரும் ஏறத்தாழ இவர்களே: அறிவுரை கூறுவோர், படை நடத்துவோர், அயல்நாட்டுச் செய்தி கொணர்வோர், ஒற்றறிந்து உரைப்போர்.

இவ்வவையின் பயனை வள்ளுவர் ஐயத்திற்கிடமின்றி உரைத்துள்ளார். இடித்துரைக்கும் துணையை உடையவனைக் கெடுக்க வல்லார் எவருமில்லை என்றும், அத்துணை இல்லாத மன்னன் பகைவர் எவரும் இல்லாவிடினும் தானே கெடுவான் என்றும் பெரியாரைத் துணைக்கோடலிற் கூறுவார். அரசன் தானும் அறியாதவனாய், அறிந்தவர் சொல்லையும் ஏலாதவனாய் இருப்பினும், அருகிருக்கும் அமைச்சன் உறுதியானதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று அமைச்சு அதிகாரத்தில் விதிப்பார். ஆகவே அவை என்பது ஆணையைப் பெறும் இடம் மட்டுமன்று. ஆணையைத் தடுக்கக்கூடிய இடமும் ஆகும்.

ஈஜோக், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குதல் எளிது. விடியுமுன் மணியடித்ததும் பால்மரத் தொழிலாளர் கூடிய பெரட்டுக் களத்தை மூத்தோர் அறிவர். அங்கே பெயர் கூப்பிடப்படும். கிராணியாரும் தண்டலும் இன்னார்க்கு இன்ன நிரை என்று வேலை பிரித்துக் கொடுப்பர். வந்தவர் வாளியை எடுத்துக்கொண்டு நடப்பர். பெரட்டில் ஆணை உண்டு, ஆராய்ச்சி இல்லை. நாளவையோ ஆராய்ச்சிக்கென்றே கூடுவது. அவையைப் பெரட்டாக்கிவிட்டால் என்ன நிகழும் என்பதற்கு மதுரையே சான்று.

வாயிலில் பிறந்த ஆணை

கொலைக்களக் காதையில் அடிகள் நிகழ்ச்சிகளை அடுக்கும் முறையைக் காண்க. ஆயர் மனையில் கண்ணகி சமைத்திட்ட உணவை உண்டு, சிலம்பொன்றைக் கையிற்கொண்டு கோவலன் கடைவீதிக்கு வருகிறான். நூறு கொல்லர் பின்தொடர வரும் அரண்மனைப் பொற்கொல்லனைக் கண்டு சிலம்பைக் காட்டுகிறான். அரசியின் சிலம்பை முன்னரே கவர்ந்துகொண்ட அவ்வஞ்சகன், கோவலனைத் தன் குடிலருகே இருத்திவிட்டு அரண்மனைக்கு விரைகிறான். அங்கே, ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் உள்ளம் தோய்ந்தது கண்டு ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோவு என்று சொல்லி எழுந்து சென்றுவிட்டாள். அவளது ஊடலைத் தணிக்கக் கருதிய அரசன், மந்திரச் சுற்றத்தை விட்டு நீங்கி, ஏவல் மகளிரோடு அவள் கோயிலை நோக்கிச் செல்கிறான். வாயிலிலே கொல்லன் வீழ்ந்து வணங்குகிறான்.

அரசன் யாரை விட்டு நீங்கினான் என்பதை அடிகள் சொல்லாமலே விட்டிருக்கலாம், கதை குறைவுபடாது. தேவியின் கோயிலுக்குச் சென்றான் என்றாலே போதும். ஆயினும் அமைச்சர் குழுவை விட்டு நீங்கினான் என்று எடுத்துரைக்கிறார். வீண்சொல் பெய்யாத புலவர் அவர். அரசன் தனித்த அக்கணத்தையே கொல்லன் கூறும் பொய் அடைகிறது. அமைச்சர் நடுவே அது சொல்லப்பட்டிருந்தால் எவரேனும் ஒருவர் சிலம்பைக் கொணர்க, கள்வனையும் கொணர்க என்றிருப்பார்.

அரசன் காவலரை அழைத்து இட்ட ஆணையும் நுணுகி நோக்கத்தக்கது. தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின், அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்கிறான். கொணர்ந்து கொல்லக் கருதியவன் நாத்தவறி இவ்வாறு கூறினான் என்று அரசனுக்காக வாதிடுவாரும் உண்டு. நாத்தவறியதென்றே கொள்வோம். அவையிலே தவறியிருந்தால் திருத்துவார் இருந்திருப்பர். வாயிலில் திருத்துவார் யாவர்? மேலும் ஆணையிலே நிபந்தனை ஒன்று இருப்பதுபோல் தோன்றினும் அது வெறுந்தோற்றமே. சிலம்பு கையில் உள்ளதா என்று காவலர் காணலாம். அது எவர் சிலம்பு என்பதை அவர் எங்ஙனம் அறிவர்? அரசியின் சிலம்பினுள்ளே இருப்பது முத்து. கண்ணகியின் சிலம்பினுள்ளே இருப்பது மாணிக்கம். பின்னர் வழக்குரை காதையில், சிலம்பு உடைந்த ஒரு நொடியில் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது. அந்த ஒரு நொடி ஆராய்ச்சியை முன்னரே செய்யாததுதான் கொலை.

இன்னுமோர் அருமை உண்டு. அவையில் நிகழ்ந்திருக்க வேண்டிய ஆராய்ச்சி அறவே நிகழாமற் போகவில்லை. கோவலனைக் கண்ட காவலர், இவனது தோற்றம் கள்வன் தோற்றமன்று, கொல்லத்தக்கவன் அல்லன் என்று ஐயுறுகின்றனர். கொல்லன் சிரித்துவிட்டு, மந்திரம், தெய்வம், மருந்து எனக் கள்வரின் துணைகள் எட்டினை அடுக்கி நூல் விரிக்கிறான். இளைஞன் ஒருவன் தான் இரவிற் கண்ட கள்வனின் கதையைச் சொல்கிறான். இறுதியிற் கல்வியறிவற்ற ஒருவன் வாளை எறிந்துவிடுகிறான். ஐயம் எழுப்புவோர் உளர். மறுமொழி கூறுவோன் உளன். முடிவு செய்வோனும் உளன். ஓர் அவையின் உறுப்பெல்லாம் இருக்கின்றன. ஆனால் தலைமை தாங்கியவன் பொய்யன். முடிவு செய்தவன் அறிவிலி. அரசன் கைவிட்ட அவை தெருவிலே கூடிற்று என்பதே இக்காட்சியின் பொருள் என்பது எம் துணிபு.

அற்றேல், வினை விளையும் காலமாதலால் அரசன் ஆராயாதவனானான் என்று அடிகளே ஊழைக் கூறுகின்றாரே எனின், கூறுகின்றார். ஆயினும் ஊழ் காலத்தைக் குறித்தது. வழியை வகுத்தவன் மன்னன். கண்ணகி அவன்முன் நின்று விளித்தபோது ஊழைப் பழிக்கவில்லை. ஆராய்ந்து தெளியாத மன்னன் என்றே அவனைப் பழித்தாள். அவனும் ஊழின்மேற் பழி போடாமல், பொன்செய் கொல்லனின் சொற்கேட்ட தன்னையே பழித்து உயிர் நீத்தான்.

வஞ்சியில் கூடிய அவை

அடிகள் மதுரைக் காண்டத்தோடு நிறுத்தவில்லை. அவையை விட்டு நீங்கிய வேந்தனுக்கு எதிராக, அவை சூழ்ந்த வேந்தன் ஒருவனை வஞ்சிக் காண்டத்தில் நிறுத்துகிறார். காட்சிக் காதையில் கண்ணகியின் செய்தி கேட்ட செங்குட்டுவன், முதலில் தன் தேவியை வினவுகிறான். கணவனோடு மாண்ட பாண்டிமாதேவி, நம் நாட்டை அடைந்த இப்பத்தினி, இருவருள் வியக்கத்தக்கார் யாவர் என்பது வினா. பாண்டிமாதேவி விண்ணுலகச் சிறப்பு எய்துக, நம் நாடடைந்த பத்தினியை நாம் வழிபடவேண்டும் என்கிறாள் அவள். பின் அமைச்சரை நோக்குகிறான். பொதியிற் கல்லும் தகும், இமயக் கல்லும் தகும் என்று அவர் கூற, அரசன் இமயத்தையே விரும்புகிறான். வடநாட்டு மன்னர்க்கு முடங்கல் போக்குக என்று வில்லவன் கோதை கூறுகிறான். அதற்கு அழும்பில்வேள் சொல்லும் திருத்தம் மிக நுட்பமானது: பகைவரின் ஒற்றர் வஞ்சியின் வாயிலை விட்டு அகலாதிருக்கின்றனர், இங்கே பறையறைந்தாலே போதும், அவர் கேட்டு உரைப்பர். ஒருவன் கூறியதை இன்னொருவன் திருத்த, அரசன் ஏற்கிறான். மதுரையில் காணாத காட்சி இது.

ஆயினும் இவ்வவையை முழுதும் புகழ்ந்து முடிக்க இயலவில்லை. செல்லும் வழியைத் திருத்தினார்களேயன்றி, செல்லவேண்டுமா என்று வஞ்சி அவையில் எவரும் வினவவில்லை. பொதியிற் கல்லும் தகும் என்ற அமைச்சர், அரசன் மறுத்ததும் அமைந்துவிடுகின்றனர். கால்கோட் காதையில் அரசன் வஞ்சினம் கூறும்போது, ஆசான் சினத்தைத் தணிக்க ஒரு சொல் கூறுகிறான். கணியோ புறப்படும் நாழிகை இதுவே என்கிறான். ஒரு கல்லின் பொருட்டு 18 நாழிகைப் பெரும்போர் நிகழ்ந்தது. வள்ளுவர் விதித்த இடித்துரை, நடுகற் காதையில் மாடலன் வாயாகத்தான் வருகிறது. ஐம்பது ஆண்டு கழிந்தும் மறக்கள வேள்வியன்றி அறக்கள வேள்வி செய்யவில்லையே என்று அவன் கூறிய பின்னரே சிறைகள் திறக்கப்படுகின்றன, வரியும் நீக்கப்படுகிறது. அவ்வாணையை நிறைவேற்ற ஏவப்படுபவன் அதே அழும்பில்வேள். வினைத்திறம் உடையவன் அவன். அறத்திற்கு ஏவினால் அறத்தையும், மறத்திற்கு ஏவினால் மறத்தையும் செவ்வனே முடிப்பான். ஏவும் முன் நிறுத்திக் கேட்க மாடலன் வேண்டியிருந்தது.

அண்மைக் காலத்துச் சான்று

இது பழங்கதை மட்டுமன்று. 1961 ஏப்ரலில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் ஒப்புதலோடு கியூபாவின் பன்றி வளைகுடாவில் நிகழ்ந்த படையெடுப்பு தோல்வியுற்றது. அவருடைய உதவியாளருள் ஒருவரான ஆர்தர் சிலெசிஞ்சர் என்னும் வரலாற்றறிஞர், எழுத்தில் மறுப்புரைத்திருந்தும் கூட்டங்களில் வாய்திறவாதிருந்ததற்காகப் பின்னாளில் தம்மையே நொந்துகொண்டார். 1962 அக்டோபர் 16 அன்று, கியூபாவில் சோவியத்து ஏவுகணைகள் உள்ள செய்தி காலையில் கென்னடியை எட்டியது. நண்பகலுக்குச் சற்று முன்னரே மூத்த உதவியாளர் அவை கூடிற்று. தாம் உடனிருந்தால் பிறர் தம் முகம் நோக்கிப் பேசக்கூடும் என்று கருதிய அவர், தொடர்ந்த கூட்டங்கள் சிலவற்றிற்கு வேண்டுமென்றே செல்லாதிருந்தார். உடனே தாக்குக என்றோரின் கருத்தும் தடுத்து நிற்போம் என்றோரின் கருத்தும் மோதித் தெளிந்தன, போர் தவிர்ந்தது. நெடுஞ்செழியனும் அவையை நீங்கினான், கென்னடியும் நீங்கினார். முன்னவன் நீங்கித் தானே முடிவு செய்தான். பின்னவர் பிறர் உண்மை பேசுதற்கென நீங்கி, அதனைக் கேட்க மீண்டு வந்தார். வேறுபாடு இதுவே.

வகுப்பறைக்கு

இக்காப்பியத்தை நடத்தும் ஆசிரிய நண்பர்கள், கொலைக்குக் காரணம் யார் என்பதோடு, தடுத்திருக்கக் கூடியவர் யார், அவர் அப்பொழுது எங்கே இருந்தார் என்னும் வினாவையும் எழுப்புமாறு வேண்டுகிறேன். மாணவர் உடனே அவையை நோக்குவர். பின் வாயிலை நோக்குவர். இறுதியில் ஐயுற்று நின்ற அந்தக் காவலரை நோக்குவர். ஐயுற்றவர் ஏன் உறுதியாக நிற்கவில்லை என்று ஒரு மாணவன் கேட்பானாயின் பாடம் நிறைவுற்றது.

தலைமையாசிரியப் பணியில் இருப்போர்க்கும் இதிற் பாடம் உண்டு. காலையில் ஆசிரியர்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுத்ததையே நெடுங்காலம் கூட்டம் என்று எண்ணியிருந்தவன் யான். அது பெரட்டு என்பதைச் சிலப்பதிகாரமே எனக்கு உணர்த்திற்று. மறுத்துரைக்க ஒருவர் இருக்கவும், அவர் அஞ்சாது உரைக்கவும் இடமிருந்தால்தான் அதற்கு அவை என்று பெயர்.