ஜிம்னிக்கு ஐந்தாவது டயர்

மாருதி ஜிம்னி வாங்குகிறவர்களில் பலர் முதல் சர்வீஸ் முடிவதற்குள் டயர் கடைக்குப் போய்விடுகிறார்கள். கம்பெனி கொடுத்த 195/80 ஆர்15 டயர் தார் ரோட்டுக்கு ஏற்றது. மலைப்பாதைக்குக் கொஞ்சம் முரட்டு டயர் வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் மாற்றுவது நான்கைத்தான். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி பழைய டயராகவே இருக்கும், அதன் மேல் மட்டும் அழகான உறை ஏறிவிடும்.

ஸ்டெப்னியே தேவையில்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அரசே அதற்கு வழிவிட்டிருக்கிறது. டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால், 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் வண்டியில் மாற்று டயர் கட்டாயமில்லை என 2020-இல் மோட்டார் வாகன விதி திருத்தப்பட்டது. நகரத்துக் காருக்கு இது சரி. கரடுமுரடான பாதையில் இறங்கும் வண்டிக்குச் சரிப்படாது. ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேல முள் குத்தினால் டயரின் தரை படும் பகுதியில்தான் ஓட்டை விழும். அதைக் கிட்டில் இருக்கும் ரப்பர் திரியைச் செருகி இருந்த இடத்திலேயே அடைத்துவிடலாம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டப் பாதையில் கூரான கல் டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் எந்தக் கிட்டாலும் ஒன்றும் ஆகாது. பக்கச்சுவரில் ஒட்டுப் போடவே கூடாது. ஸ்டெப்னி இருப்பது அந்த நேரத்துக்காக.

அப்படியானால் எந்த அளவு? ஜிம்னிக்காரர்கள் பேசுவது மூன்று அளவுகளைப் பற்றி. கம்பெனி டயரின் விட்டம் 693 மி.மீ. அடுத்தது 215/75 ஆர்15, அதன் விட்டம் 703.5. பார்க்க மிரட்டலாக இருக்க வேண்டும் என்பவர்கள் கேட்பது 235/75 ஆர்15, அதற்கு 733.5. கடைசி அளவை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஜிம்னியின் ரிம் அகலம் 5.5 அங்குலம்தான், 235-க்கு ரிம்மையும் மாற்றியாக வேண்டும். 1.5 லிட்டர் எஞ்சின் தரும் 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை அந்தப் பாரத்தைச் சுமந்து மலை ஏறும்போது சோர்ந்துவிடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 106-இல் போய்க்கொண்டிருக்கும். போதாததற்குப் பின்கதவிலும் அந்தப் பெரிய சக்கரத்தைப் பம்பர் இடிக்காமல் பொருத்தத் தனி மெனக்கெடல் வேண்டியிருக்கும்.

215/75 ஆர்15 அந்தத் தொல்லை எதுவும் தராது. ஸ்பீடோமீட்டர் வித்தியாசம் ஒன்றரை சதவீதம், அதை மறந்துவிடலாம். எனக்கு இந்த அளவு பிடித்ததற்கு இன்னொரு காரணம், இது மஹிந்திரா பொலேரோவின் அளவு. பொலேரோ போகாத ஊர் எது? அரூரிலோ கம்பத்திலோ சனிக்கிழமை சாயங்காலம் டயர் கிழிந்தாலும் கடையில் இந்த அளவு கிடைக்க வாய்ப்பு அதிகம். 195/80 ஆர்15 கேட்டால் கடைக்காரர் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ போன் போட வேண்டியிருக்கும். வாங்கும்போது லோடு இண்டெக்ஸ் எண்ணையும் பாருங்கள். கம்பெனி டயரில் 96 என்றிருக்கும், அதாவது ஒரு டயர் 710 கிலோ தாங்கும். புதியது அதற்குக் குறையக் கூடாது. 100 என்றிருந்தால் 800 கிலோ.

இனி, நான்கு 215-உம் பின்கதவில் ஒரு 195-உம் வைத்துக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏழு சுற்று கூடுதலாகச் சுற்றும். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் 4எச் போட்டால் ஜிம்னியின் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும், நடுவில் வித்தியாசத்தைச் சரிக்கட்ட டிஃபரன்ஷியல் கிடையாது. மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். ஈரமில்லாத பாறையில் வழுக்காது. இறுக்கம் முழுக்க, இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் உட்காரும். ஒரு காலில் செருப்பும் மறு காலில் பூட்ஸும் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிற கதை. ஆக, 4எச் மிகவும் தேவைப்படும் இடத்தில் அதைப் போடத் தயங்க வேண்டிய நிலை வரும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அளவு ஒன்றாகவே இருந்தாலும் தேய்மானம் இதே வேலையைச் செய்யும். புது ஏ.டி. (ஆல்-டெரெய்ன்) டயரின் பட்டன் ஆழம் ஏறக்குறைய 10 மி.மீ. என்று வையுங்கள். ஓடித் தேய்ந்தது 4 மி.மீ.-க்கு வந்திருந்தால் விட்டத்தில் 12 மி.மீ. குறைந்துவிட்டது. 195-க்கும் 215-க்கும் உள்ள வித்தியாசமே 10.5 மி.மீ.தான். எனவே வாங்கிய நாளிலிருந்து தொடாமல் பொத்திவைத்த ஸ்டெப்னியும் பொருந்தாத ஸ்டெப்னிதான்.

ஐந்தையும் சுழற்சியில் விடுவதுதான் இதற்கு வழி. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்டெப்னியை இறக்கி ஓடவிட்டு, ஓடிய ஒன்றைக் கதவில் ஏற்றுங்கள். நான்கு டயர் 40,000 கி.மீ. ஓடும் என்றால் ஐந்து டயர் 50,000 ஓடும். ஐந்தாவது டயருக்குக் கொடுக்கும் 25 சதவீதக் கூடுதல் காசு 25 சதவீதக் கூடுதல் ஓட்டமாகத் திரும்பி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவருடைய டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும். சுழற்சி செய்ய நினைப்பவர்கள், சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி போட்ட டயரை வாங்காதீர்கள். அது ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும், பஞ்சர் எந்தப் பக்கம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

நம் ஊர் வெயில் வேறு. பின்கதவில் தொங்கும் டயர் ஓடாவிட்டாலும் காய்கிறது, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. அதனால் உறை போடுவது நல்லதுதான், போட்டுவிட்டு மறப்பதுதான் கெடுதல். டயரில் உள்ள டி.ஓ.டி. குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடவே இல்லை என்றாலும் 10 வருடம் ஆனதை எடுத்துவிடச் சொல்கின்றன டயர் நிறுவனங்கள். ஸ்டெப்னியில் காற்றை மற்றவற்றைவிட ஐந்து பி.எஸ்.ஐ. கூட்டியே வைத்திருங்கள். காட்டில் காற்றைக் குறைக்க ஒரு குச்சி போதும், ஏற்றத்தான் பம்ப் வேண்டும்.

வெளியே அலாய் வாங்கி நான்கில் மாட்டி, ஸ்டெப்னியை இரும்பு ரிம்மிலேயே விட்டவர்கள் வீட்டு வாசலிலேயே ஒருமுறை அதை மாட்டிப் பார்க்க வேண்டும். அலாய்க்கு வந்த நட்டு இரும்பு ரிம்மில் சரியாக உட்காரும் என்று சொல்ல முடியாது.

பொருந்தாத ஸ்டெப்னியோடு ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்கு ஒரு வழி. கிழிந்தது பின் டயர் என்றால், முன்னால் இருக்கும் நல்ல டயரைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டி, 2எச்-இலேயே மெதுவாக ஊர் வந்து சேருங்கள். 2எச்-இல் எஞ்சின் விசை முன் சக்கரத்துக்குப் போகாது என்பதால் டிஃபரன்ஷியல் தப்பிக்கும்.

வண்டி பெரும்பாலும் தார் ரோட்டில்தான் ஓடுகிறது என்றால் டயரையே மாற்ற வேண்டாம். கம்பெனி கொடுத்த ஐந்தையும் சுழற்சியில் விட்டாலே போதும். மாதத்துக்கு ஒருமுறையாவது கல்லிலும் மண்ணிலும் இறங்குகிறவர்கள் 215/75 ஆர்15 ஏ.டி. டயர் போடலாம், அதுவும் ஐந்தாக. நான்குக்குத்தான் காசு இருக்கிறதா? இன்னும் இரண்டு மாதம் பொறுத்து ஐந்தாகவே வாங்குங்கள்.