ஹெல்மெட்டுக்குள் வாக்கி-டாக்கி: கொல்கத்தா பைக் குழுக்களுக்கு எது ஒத்துவரும்?

பைக்கில் கூட்டமாகப் போகிறவர்கள் ஓடியபடியே பேசிக்கொள்ள இன்று நான்கு வழிகள் உண்டு: கையடக்க வாக்கி-டாக்கி, ஹெல்மெட்டில் பொருத்தும் புளூடூத் இன்டர்காம், அதற்கு அடுத்த கட்டமான மெஷ் இன்டர்காம், மொபைல் இணையத்தில் இயங்கும் ஸெல்லோ போன்ற செயலி. கொல்கத்தாவிலிருந்து கோலாகாட் வழியாகத் திகா வரை சுமார் 180 கி.மீ. போகும் சாலை, இந்த நான்கையும் சோதித்துப் பார்க்க நல்ல களம். நகர நெரிசல், பெரிய பாலம், திறந்த நெடுஞ்சாலை, கடலோரக் காற்று எல்லாமே ஒரே நாளில் வந்துவிடும்.

கருவியைப் பார்ப்பதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் வாக்கி-டாக்கி பேச 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையான சிறு பட்டை திறந்துவிடப்பட்டிருக்கிறது. இணையக் கடைகளில் மலிவாகக் கிடைத்துவந்த பல கருவிகள் இதற்கு வெளியிலும் பேசக்கூடியவை. பாவ்ஃபெங் யுவி-5ஆர் 136–174 மெகாஹெர்ட்ஸிலும், 400-க்கு மேலான பெரும் பரப்பிலும் ஒலிபரப்பும். காவல்துறை, தீயணைப்பு, துறைமுகம் போன்ற சேவைகளுக்கு ஒதுக்கிய அலைகள் இந்தப் பரப்புகளுக்குள்தான் இருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 462 மெகாஹெர்ட்ஸ் ஜோடிக் கருவிகளும் இங்கே செல்லாது. இத்தகைய விற்பனையைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் இணையச் சந்தைகளுக்குத் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆகவே கொல்கத்தாவின் சாந்தினி சௌக் கடையில் வாங்கினாலும் சரி, இணையத்தில் வாங்கினாலும் சரி, கருவி எந்த அலைவெண்ணில் பேசும், அதற்கு அரசின் வகை ஒப்புதல் சான்று உண்டா என்ற இரண்டையும் பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வங்கதேச எல்லையில் உள்ள பெட்ராபோல் கொல்கத்தாவிலிருந்து சுமார் 80 கி.மீ.தான். அந்தப் பக்கம் போகும் குழு ஒப்புதல் இல்லாத ரேடியோவை எடுத்துப் போவது வீண் வம்பு.

அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் எடுத்தால் 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் திறக்கும். ஆனால் பேசும் ஒவ்வொருவரும் தேர்வு எழுதி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். ஒருவர் பெயரிலுள்ள லைசென்ஸைக் காட்டி குழு முழுவதும் பேச முடியாது.

அடுத்தது தூரம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை அப்படியே நம்புவதற்கில்லை. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இரண்டு ஆன்டெனாக்கள் இருந்து, பூமியின் வளைவு ஒன்றுதான் தடை என்றால், எட்டும் தூரம் சுமார் 10 கி.மீ. கட்டடம், லாரி, மரம் எல்லாம் சேர்ந்து அதை வெகுவாகக் குறைத்துவிடும். வாட் அதிகமானால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. அரை வாட்டுக்குப் பதில் ஐந்து வாட் செலுத்தினால் திறந்தவெளியில் தூரம் சுமார் மூன்று மடங்காகும். படாபஜார் சந்துகளில் அந்த ஆதாயமும் கிடைக்காது. 446 பட்டைக் கருவிகள் பெரும்பாலும் அரை வாட் திறன் கொண்டவை. முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படி போகும் குழுவுக்கு அதுவே போதும்.

கருவியை எங்கே மாட்டுவது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். இடுப்பு பெல்ட்டில் செருகினால் அலையை உடம்பே தடுத்துவிடும். ஜாக்கெட்டின் நெஞ்சுப் பையில் வைத்தாலும் முன்னால் போகிறவரின் குரல் அவருடைய உடம்பைக் கடந்துதான் பின்னால் வருகிறவர்களை அடைய வேண்டும். முதுகுப் பையின் தோள்பட்டையில், ஆன்டெனா தோளுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும்படி மாட்டுவதே சிறந்த இடம். ஒரு ரூபாய் செலவில்லாத இந்த மாற்றம், இருக்கிற கருவியிலேயே வித்தியாசம் காட்டும்.

ரேடியோவைவிட ஹெல்மெட் கிட்டுக்கு அதிகம் செலவிடலாம். முழு முக ஹெல்மெட்டுக்குப் பொத்தான் அளவு மைக், திறந்த முகத்துக்குக் கம்பி மைக். ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினாலும் 80 கி.மீ. வேகத்தில் எதிர்முனைப் பேச்சு காற்றிரைச்சலில் மூழ்கிவிடும். இடம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மோகோலைச் செதுக்கக் கூடாது. தலையைக் காப்பாற்றுவது அதுதான். குரல் கேட்டதும் தானாக ஒலிபரப்பும் வசதி கடையில் நன்றாக வேலை செய்யும். நெடுஞ்சாலையில் காற்றையே குரலென்று எடுத்துக்கொண்டு சேனலை அடைத்துவிடும். இடது கைப்பிடியில், கிளட்ச் விரலுக்கு எட்டும் இடத்தில் பேசும் பொத்தான் இருப்பதே பாதுகாப்பு. கையில் பிடித்துப் பேசும் தொலைத்தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் ஒன்றாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு எண்ணுகிறது.

இன்டர்காம்களில் பொத்தானே தேவையில்லை. போனில் பேசுவதுபோல் இருபுறமும் ஒரே நேரத்தில் பேசலாம். ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் பேச புளூடூத் தாராளம். இரண்டு பைக்குக்கு மேல் போனால் மெஷ் வேண்டும். அதில் ஒவ்வொரு கருவியும் பக்கத்திலிருப்பதன் குரலை வாங்கி அடுத்ததற்குக் கடத்துவதால், நடுவில் ஒருவர் சிக்னலில் நின்றுவிட்டாலும் குழு தானே கோர்த்துக்கொள்ளும். கார்டோ பேக்டாக் எட்ஜ் 15 பேர் வரை இணைக்கும். சேனாவும், பெங்களூருவின் புளூஆர்மரும் தத்தம் மெஷ் முறைகளை வைத்திருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் மெஷ் இன்னொன்றோடு சேராது என்பதால் குழு முழுவதும் ஒரே பிராண்ட் வாங்குவது நல்லது. சோதிக்க வித்யாசாகர் சேது வசதியானது. நீளம் 823 மீட்டர். நிற்காமல் ஓடியபடியே ஒருவர் ஹவுரா முனையைத் தொடும்போது மற்றவர் கொல்கத்தா முனையில் ஏறினால், அறுந்துபோகும் கருவி எது என்று உடனே தெரிந்துவிடும்.

வங்கத்து மழை நான்கு மாதம் விடாது. நீர்க்காப்புக் குறியீடான ஐபி67 என்று போட்டிருந்தாலும், பக்கவாட்டு ரப்பர் மூடியைத் திறந்து இரட்டை முள் பிளக்கைச் செருகியதும் அந்தக் காப்பு பெரும்பாலும் போய்விடும். ஹெல்மெட் கம்பி மாட்டும் வாக்கி-டாக்கிக்குத் திருகி இறுக்கும் இணைப்பு உள்ள மாடலைத் தேடுவது நல்லது. இல்லையென்றால் தனி மழை உறை வேண்டும்.

ஸெல்லோ போன்ற செயலிகளுக்கு மொபைல் டவர் வேண்டும். 2020 மே 20-இல் ஆம்பன் புயல் அடித்தபின் மொபைல் சேவை பல இடங்களில் நாட்கணக்கில் முடங்கியது. மகர சங்கராந்திக்கு லட்சக்கணக்கானோர் கூடும் கங்காசாகரில் மேற்கு வங்க ரேடியோ கிளப்பின் அமெச்சூர்கள் இன்றும் ரேடியோவோடு நிற்பது டவரை நம்பியிருக்க முடியாத காரணத்தால்தான்.

மூன்று முதல் ஆறு பைக் வரை மெஷ் இன்டர்காமே சரி. விலை அதிகமானாலும் கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. பத்துக்கு மேல் போகும் குழுவில் எல்லோருக்கும் அது கட்டுப்படியாகாது. முன்னோடி, கடைசி ஆள், நடுவில் ஒருவர் என மூவருக்கு மட்டும் 446 வாக்கி-டாக்கியும் ஹெல்மெட் கிட்டும் கொடுத்தால் போதும். புறப்படும் முன்பே சேனல் எண்ணும் துணைக் குறியீடும் எல்லாக் கருவியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். துணைக் குறியீடு அடுத்தவர் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்குமே தவிர, நம் பேச்சை யாருக்கும் மறைக்காது. ஆகவே தங்கும் அறை எண்ணையோ பணம் பற்றிய பேச்சையோ சேனலில் எடுக்கக் கூடாது. தொடர்பு அறுந்தால் எங்கே காத்திருப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். திகா சாலையில் அதற்குக் கோலாகாட் தாபாக்கள் தோதான இடம்.