வட்ட வேலிக்குள் கிடைப்பது நட்பா?

பழகாத குதிரைக்கு முதன்முதலாகச் சேணம் பூட்டுவது அமெரிக்கப் பண்ணைகளில் நெடுங்காலம் முரட்டு வேலையாகவே இருந்தது. காலைக் கட்டி, துள்ளிக் களைத்து ஓயும்வரை விட்டு, பிறகு மேலே ஏறுவார்கள். இதற்கு மாற்றாகக் கலிபோர்னியாவின் மான்டி ராபர்ட்ஸ் பரப்பியது 'ஜாயின் அப்' முறை. 1989இல் விண்ட்சரில் ராணி எலிசபெத் முன்னிலையில் செய்துகாட்டிய பின் அது உலகப் புகழ் பெற்றது. வட்டமான வேலிக்குள் குதிரையை அவிழ்த்து விடுகிறார்கள். பயிற்சியாளர் அதன் கண்ணை நேராகப் பார்த்து, தோளை நிமிர்த்தி, கயிற்றை வீசி ஓடவிடுகிறார். சில சுற்றுகளில் உட்பக்கக் காது அவர் பக்கம் திரும்புகிறது, வாய் மெல்லத் தொடங்குகிறது, தலை தாழ்கிறது. உடனே அவர் பார்வையை விலக்கி முதுகைக் காட்டுகிறார். குதிரை நின்று, தயங்கி, நடந்துவந்து அவர் தோளருகே மூக்கை நீட்டுகிறது. அரை மணி நேரத்தில் சேணமும் ஆளும் அதன் முதுகில். குதிரை மனமுவந்து மனிதரைத் தலைவராக ஏற்றுக்கொண்டது என்கிறார்கள். முறையோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை, இந்த விளக்கத்தோடுதான்.

முறைக்குச் சாதகமான சான்று உண்டு. 2012இல் பிரிட்டனில் வழக்கமான பழக்குமுறையோடு இதை ஒப்பிட்டார்கள். முதல் சேணத்தின்போதும் முதல் சவாரியின்போதும் ராபர்ட்ஸ் முறையில் பழகிய குதிரைகளின் உச்ச இதயத் துடிப்பு குறைவாகவே இருந்தது. ஆனால் அதே ஆண்டு சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட்ட வேலிக்குள் மனிதருக்குப் பதிலாக ஒரு ரிமோட் காரை விட்டார்கள். கார் துரத்தியது, குதிரை அதன் பக்கம் திரும்பியதும் நின்றது. பொம்மைக் காரை நோக்கித் திரும்பவும் குதிரைகள் கற்றுக்கொண்டன! காரிடம் தலைமைப் பண்பு ஏது? அதற்கு முன்பே, 2007இல் வெளியான, கிருகர் என்ற ஆய்வாளரின் ஆய்வில், வேலிக்குள் மனிதரைப் பின்தொடர்ந்த குதிரைகள் மேய்ச்சல் வெளியில் அப்படிப் பின்தொடரவில்லை. ஆக, குதிரை கற்பது எளிய பாடம்: ஆள் பக்கம் திரும்பினால் துரத்தல் நிற்கும். அழுத்தம் விலகும் அந்த நொடிதான் அதற்கு ஆசிரியர்.

பலன் நன்றாக இருக்கும்போது விளக்கம் எதுவானால் என்ன என்று கேட்கலாம். விளக்கம்தான் கையை இயக்குகிறது. குதிரை மரியாதை தர மறுக்கிறது என்று நம்புகிறவர் மேலும் துரத்துவார். அது காலில் வலி வந்தும், பயந்தும் ஓடிக்கொண்டிருக்கலாம். இளங்குதிரையின் வளரும் மூட்டுகளுக்குச் சிறிய வட்டத்தில் விடாமல் ஓடுவது நல்லதும் இல்லை. நட்பு கிடைத்துவிட்டது என்று நம்புகிறவரோ குரல் கொடுக்காமல் அதன் பின்புறமாக நடந்து போவார். நேர் பின்னால் நிற்பவர் குதிரையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கு திடுக்கிட்டு உதைக்கும்போது நண்பர், அந்நியர் என்று பார்க்காது. ராபர்ட்ஸ் போன்றவர்கள் சரியான நொடியில் விலகுகிறார்களே என்றால், உண்மைதான். அந்தத் திறமை பல ஆண்டுப் பழக்கத்தில் வந்தது. வீடியோ பார்த்துப் பின்பற்றுகிறவருக்குக் கதை உடனே கிடைத்துவிடுகிறது, அந்த நொடி கிடைப்பதில்லை.

குதிரையைப் பழக்கக் கொடுக்குமுன் பயிற்சியாளர் வேலை செய்வதை வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். எத்தனை நிமிடத்தில் ஏறுகிறார் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்; காது திரும்பியதும் கயிறு தாழ்கிறதா என்று கவனியுங்கள். வியர்த்து மூச்சிரைக்கும் குதிரையை இன்னும் ஒரு சுற்று விரட்டுகிறவரிடம் உங்கள் குதிரையைக் கொடுக்காதீர்கள்.